மாண்டிசோரி அம்மையார்

மணிகளைக் கோத்துக் கணக்குப் படிக்கும் பிள்ளையைப் பார்த்து, இது படிப்பா விளையாட்டா என்று கேட்கும் பெற்றோர் நம் ஜொகூரிலும் உண்டு. அந்த மணிகளுக்குப் பின்னால் ஓர் அம்மையாரின் வாழ்க்கையே இருக்கிறது.

மரியா மாண்டிசோரி 1870-இல் இத்தாலியில் பிறந்தார். படித்தது மருத்துவம். 1907-இல் ரோமாபுரியின் சான் லோரென்சோ என்னும் ஏழைக் குடியிருப்பில் சிறுவர் இல்லம் ஒன்றைத் தொடங்கினார். மணல்தாளில் வெட்டிய எழுத்துகளை விரலால் தடவித் தடவியே அங்குள்ள பிள்ளைகள் எழுதப் பழகினார்கள்.

1939 நவம்பரில், 69 வயதில், மகன் மரியோவோடு சென்னை அடையாற்றுக்கு வந்தார். அழைத்தவர்கள் அருண்டேலும் ருக்மிணி தேவியும். ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்துவிட்டுத் திரும்பத்தான் நினைத்தார், போர் விடவில்லை. 1940-இல் இத்தாலி பிரிட்டனுக்கு எதிரியாயிற்று. மகனைப் பிடித்து அடைத்துவிட்டார்கள். வேற்று நாடு, தெரியாத மொழி, தள்ளாத வயது. வேறொருவராக இருந்தால் முடங்கிப் போயிருப்பார். அம்மையாரின் 70-ஆவது பிறந்தநாளில்தான் மகன் விடுதலையானார்.

பிறகு கொடைக்கானல். ஆறு வயதுக்கு மேற்பட்ட ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகளுக்கான பாடமுறையை, மகனோடு சேர்ந்து அங்கேதான் விரிவாக வளர்த்தார். செடி, இலை, பூச்சி என்று பிள்ளைகள் தேடிக் கொண்டுவந்ததெல்லாம் பாடப்பொருள்தான். பார்த்தார்கள், வகை பிரித்தார்கள், பெயர் எழுதினார்கள். காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை. (நம் தோட்டப்புறத்தில் பால்மரக் கொட்டைக்கும் இலைக்குமா பஞ்சம்?)

1946-இல் ஐரோப்பா திரும்பியவர், மறு ஆண்டே மீண்டும் இந்தியா வந்து பயிற்சி நடத்தினார். 1952 மே 6-ஆம் நாள் ஹாலந்து நாட்டில் காலமானார்.