அம்போன் தீவின் ரும்பியஸ்

எமது கரையோரங்களைக் கறுவாவுக்காகக் கைப்பற்றிய அதே ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனிதான், இன்றைய இந்தோனேசியாவின் கிழக்கே மலுக்குத் தீவுகளில் ஒன்றான அம்போனைக் கராம்புக்காக வைத்திருந்தது. 1658இல் யாழ்ப்பாணக் கோட்டை ஒல்லாந்தர் வசமான காலத்தில், அம்போனின் லாரிக்கே என்னும் கரையோரக் கிராமத்தில் கம்பனி உத்தியோகத்தர் ஒருவர் அப்போதுதான் காலூன்றியிருந்தார். அவர்தான் கேயோர்க் எபர்ஹார்ட் ரும்பியஸ். எம்மிற் பலர் உயர்தரத்தில் தாவரவியல் கற்றோம். லின்னேயசின் பெயரை மனனம் செய்தோம். அந்த லின்னேயசுக்கும் முன்னோடியான இவரைப் பற்றி நாம் வகுப்பறையில் அறிந்ததில்லை.

அவர் 1627இல் ஜேர்மனியிற் பிறந்தவர். தந்தை கட்டடப் பொறியியலாளர். இளம் வயதிற் படையிற் சேர்ந்து ஏமாற்றப்பட்டு, போர்த்துக்கலிற் சில வருடங்கள் கழித்து, பின் கம்பனியிற் சேர்ந்து 1653இல் பத்தாவியாவையும் அடுத்த வருடம் அம்போனையும் அடைந்தார். அதன் பின் ஐரோப்பாவுக்கு அவர் திரும்பவேயில்லை.

கராம்பு வாங்கிக் கணக்கெழுதுவதுதான் அவருடைய உத்தியோகம். அந்த வேலைக்கு ஒரு கறுப்புப் பக்கமும் உண்டு. விலை வீழாதிருக்க வேண்டுமென்று, தான் அனுமதித்த இடங்களுக்கு வெளியே நின்ற கராம்பு மரங்களைக் கம்பனி வெட்டி வீழ்த்தியது. எதிர்த்த ஊர்கள் எரிந்தன. ரும்பியஸ் அந்த ஆட்சியின் சம்பளக்காரர் என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை. ஆயினும், மரத்தை விலையாக மட்டும் பார்த்தவர்கள் நடுவே, அதன் இலையையும் பூவையும், அது நிற்கும் மண்ணையும், அதைக் கொண்டு அயற் பெண்கள் என்ன மருந்து காய்ச்சுகிறார்கள் என்பதையும் கேட்டறிந்து எழுதியவர் அவர். ஒவ்வொரு செடிக்கும் மலாய்ப் பெயர், அம்போன் பெயர், ஒல்லாந்தப் பெயர், இலத்தீன் பெயர் எனத் தனித்தனியாகக் குறித்தார். றம்புட்டானையும் தொதலையும் மலாய்ப் பெயராலேயே அழைக்கும் எமக்கு அவருடைய பக்கங்கள் அவ்வளவு அந்நியமாகத் தோன்றா.

இந்த ஆராய்ச்சிக்கென வழமையான கடமைகளிலிருந்து அவருக்கு விலக்களித்தவர் பத்தாவியாவின் மகாதேசாதிபதி மாட்சூக்கர். அவர் முன்னர் இலங்கையில் ஒல்லாந்த ஆளுநராயிருந்தவர்.

ரும்பியசுடன் காடும் கரையும் திரிந்து செடி சேகரித்தவர் அவருடைய மனைவி சூசான்னா. இதை ஊகித்துச் சொல்லவில்லை. ரும்பியசே எழுதி வைத்திருக்கிறார். பெரிய வெண்பூப் பூக்கும் நில ஓர்க்கிட் ஒன்றுக்கு, தமக்கு முதற் துணையாய் நின்று செடி தேடியவர் என்ற நன்றியோடு அவர் மனைவியின் பெயரையே இட்டார். தாவரவியலார் இன்றும் அதைப் பெக்தெயிலிஸ் சூசான்னே என்றே அழைக்கின்றனர். மனைவியின் உழைப்பைக் கணவனின் நூலுக்குள் கரைத்துவிடுவது வழக்கமாயிருந்த காலத்தில் இது சிறு விடயமன்று.

1670இல் அவருடைய கண் பார்வை போயிற்று. வயது நாற்பதைச் சற்றே கடந்திருந்தது. அதுவரை இலத்தீனில் எழுதி வந்தார். இனிச் சொல்லச் சொல்ல எழுதும் எழுத்தர்களை நம்பியிருக்க வேண்டும்; அவர்களுக்கோ இலத்தீன் தெரியாது. ஆகவே முழு நூலையும் ஒல்லாந்த மொழியில் மீண்டும் தொடங்கினார்.

1674 பெப்ரவரி 17, சனிக்கிழமை. நிலவு காய்ந்த அமைதியான மாலை; சீனர்களின் புதுவருடம். சூசான்னா இளைய மகளுடன் கொண்டாட்டம் பார்க்கச் சென்றிருந்தார். அப்போது பூமி அதிர்ந்தது. மதில் சரிந்து தாயும் மகளும் மாண்டனர். தீவின் வடகரையில் கடல் எழும்பி ஊர்களை வாரிச் சென்றது. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர். பார்வையற்ற ரும்பியஸ் உயிர் தப்பினார். தம் வீட்டிலும் இழவு விழுந்திருக்க, ஊர் ஊராக எங்கே எவ்வளவு நீர் ஏறியது, யார் தப்பினர் என்று விசாரித்துத் தொகுத்தவர் அவர். 2004இன் பின் சுனாமி ஆய்வாளர்கள் அக்குறிப்பைத் தேடிப் படித்தனர். கடலுக்கு உறவுகளைக் கொடுத்த எம் சகோதரிகளுக்கு அதன் பாரம் விளங்கும்.

துயரம் அதோடு நிற்கவில்லை. 1687 ஜனவரியில் நகரில் மூண்ட தீயில் நூல்களும் ஓவியங்களும் எரிந்தன. மகன் பவுலுஸ் உள்ளிட்டோரைக் கொண்டு படங்களை மறுபடி வரைவித்தார். 1692இல் முதல் ஆறு பாகங்களையும் ஏற்றிச் சென்ற வாட்டர்லாண்ட் என்ற கப்பலைப் பிரெஞ்சுக்காரர் மூழ்கடித்தனர். நல்ல வேளையாக, பத்தாவியாவில் மகாதேசாதிபதி கம்ப்ஹவுஸ் முன்னரே ஒரு பிரதி எடுத்து வைத்திருந்தார். எஞ்சிய பாகங்களும் ஒல்லாந்து போய்ச் சேர்ந்தன. ஆனால் வர்த்தக இரகசியம் வெளியாகுமென்று கம்பனி அவற்றைப் பூட்டி வைத்தது. அவர் எழுதிய அம்போன் வரலாற்றுக்கும் அதே கதிதான். அது அச்சேறியது இருபதாம் நூற்றாண்டிலே.

1702 ஜூன் 15இல் ரும்பியஸ் அம்போனிலேயே காலமானார். மூன்று வருடங்களின் பின் சங்கு, சிப்பி, நண்டு, கல் வகைகள் பற்றிய அவருடைய நூல் ஆம்ஸ்டர்டாமில் வெளிவந்தது. அதன் படங்களுக்கு உழைத்தவர்களுள் பூச்சியியலில் புகழ்பெற்ற மரியா சிபில்லா மேரியன் அம்மையாரும் ஒருவர். தாவர நூலோ 1741இலிருந்து 1750 வரை, ஆறு பெருந்தொகுதிகளாக, ஏறக்குறைய 1,200 தாவரங்களுடன் வெளிவந்தது. பதிப்பித்தவர் யொஹான்னஸ் புர்மன். 1737இல் இலங்கைத் தாவரங்கள் பற்றிய நூலை வெளியிட்டவரும் அவரே. ரும்பியசின் முதல் அத்தியாயம் தென்னை பற்றியது. கரையோரத்தில் வாழ்ந்தவர் வேறெதில் தொடங்குவார்!

அச்செடிகளை அதே மண்ணில் மீண்டும் தேடச் சென்ற றொபின்சன் என்ற தாவரவியலார் 1913இல் அங்கே கொல்லப்பட்டார். அவர் சேகரித்தவற்றைக் கொண்டு மெரில் 1917இல் விளக்க நூல் வெளியிட்டார். தாவர நூல் முழுவதையும் ஆங்கிலமாக்கிய பீக்மன், அது 2011இல் வெளிவந்தபோது உயிருடன் இல்லை. லண்டனிலும் ரொறன்ரோவிலும் மெல்பேணிலும் வாழும் எம் சகோதரிகள் பல்கலைக்கழக நூலகங்களில் அந்த ஆறு தொகுதிகளையும் கேட்டுப் பார்க்கலாம்.