கோபுரச் சின்னமும் ஓமந்தூராரும்

சாதிச் சான்றிதழிலும் பட்டாவிலும் நாம் காணும் கோபுரச் சின்னத்தின் பின்னே ஒரு நேர்மையாளரின் வாழ்வு இருக்கிறது.

இங்கிலாந்தில் சின்னங்களை வழங்குவதற்கென்றே 1484-ல் தொடங்கிய அமைப்பு ஒன்று உண்டு. நம் நாட்டில் அப்படி இல்லை; அரசே முடிவு செய்கிறது. சென்னை மாகாணத்துக்குக் கோபுரச் சின்னம் தேர்வானது ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் ஆட்சிக் காலத்தில். அதை வரைந்தவர் ஓவியர் ஆர். கிருஷ்ணா ராவ். 1949-ல் அது நடைமுறைக்கு வந்தது.

ஓமந்தூரார் 1895-ல் திண்டிவனம் அருகே விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். விடுதலைப் போரில் சிறை சென்றார். 1947 மார்ச்சில் மாகாண முதல்வரானார். 1948 மார்ச் 3 அன்று, வல்லத்திராக்கோட்டை உள்ளிட்ட புதுக்கோட்டை சமஸ்தானம் மாகாணத்தோடு இணைந்தது. அதுவரை தொண்டைமான் மன்னரின் முத்திரையைக் கண்டுவந்த மக்கள், பின்னர் கோபுர முத்திரையின் கீழ் வந்தார்கள்.

கோபுரத்தைச் சின்னமாக்கியதோடு அவர் ஆட்சி நின்றுவிடவில்லை. தாழ்த்தப்பட்ட மக்களுக்குக் கோயில் கதவைத் திறந்துவிடும் சட்டமும், தேவதாசி முறையை ஒழிக்கும் சட்டமும் 1947-லேயே நிறைவேறின. வெளியே நின்றவர்கள் உள்ளே வந்த பிறகே கோபுரம் எல்லாருக்குமான சின்னமாயிற்று.

சிபாரிசுக்கு இணங்காத அவர், சொந்தக் கட்சியினரின் எதிர்ப்பால் 1949 ஏப்ரலில் பதவி விலகினார். பிறகு வடலூரில் வள்ளலார் வழியில் தொண்டு செய்து, 1970-ல் மறைந்தார்.

வாய்மையே வெல்லும் என்பது இன்று அந்தச் சின்னத்தில் உள்ள வாசகம். நம் கழுத்திலும் வீட்டு வாசலிலும் சிலுவை இருக்கிறது. நம் கதவு யாருக்குத் திறந்திருக்கிறது?