மூங்கில் விமானம் செய்தவர்

குட்டீஸ், உங்களிடம் மூங்கில் கழிகளும் பட்டுத் துணியும் கொடுத்தால் என்ன செய்வீர்கள்? பட்டம் விடுவீர்கள். ஆல்பர்ட்டோ சான்டோஸ் டுமான்ட் என்ன செய்தார் தெரியுமா? ஆள் ஏறிப் பறக்கும் விமானமே செய்துவிட்டார்!

1873 ஜூலை 20ஆம் தேதி பிரேசில் நாட்டில் பிறந்தவர் இவர். அப்பாவுக்குப் பெரிய காபித் தோட்டம் இருந்தது. தோட்டத்துக்குள்ளேயே ரயில் ஓடும். நீங்கள் சைக்கிள் எடுத்தாலே அம்மா பயப்படுவார், இல்லையா? இவரோ 12 வயதில் ரயில் இன்ஜினை ஓட்டினார்.

வாலிபரானதும் பாரிஸ் சென்றார். பலூனில் பறந்தார். பலூன் காற்றடிக்கும் பக்கம்தான் போகும். நினைத்த பக்கம் திருப்ப வேண்டுமே? நீளமான பலூனில் இன்ஜினைப் பொருத்தினார். 1901 அக்டோபர் 19இல் ஈபிள் கோபுரத்தைச் சுற்றிவந்து, ஒரு லட்சம் பிராங்க் பரிசு வென்றார். அந்தப் பணத்தைத் தன் பணியாளர்களுக்கும் பாரிஸ் ஏழைகளுக்கும் கொடுத்துவிட்டார்.

அமெரிக்காவில் ரைட் சகோதரர்கள் 1903இலேயே விமானத்தில் பறந்துவிட்டார்கள். இவர் 1906 நவம்பர் 12இல், பாரிஸ் மக்கள் கூடிநின்று பார்க்க, 220 மீட்டர் தூரம் பறந்தார்.

ஆனால், இவருடைய செல்லப்பிள்ளை அடுத்து வந்த குட்டி விமானம்தான். பெயர் 'தெமுவாசெல்'. பிரெஞ்சு மொழியில் இளம்பெண் என்று அர்த்தம். ஊசித்தட்டானுக்கும் அதே பெயர். பார்க்கவும் தட்டான் மாதிரியே இருக்கும். உடம்பு முழுக்க மூங்கில். இறக்கையில் பட்டுத் துணி. ஓர் இறக்கை நுனியிலிருந்து மறு நுனி வரை சுமார் 5 மீட்டர்தான். இன்ஜின் தலைக்கு மேலே, விமானி கீழே இரு சக்கரங்களுக்கு நடுவே! இறக்கையை வளைக்கும் கம்பி அவர் முதுகோடு இணைந்திருக்கும். உடம்பைச் சாய்த்தால் இறக்கை வளையும். வேடிக்கையாக இல்லை?

இதற்கு அவர் காப்புரிமை வாங்கவில்லை. யார் வேண்டுமானாலும் செய்துகொள்ளட்டும் என்று வரைபடங்களை இலவசமாகக் கொடுத்தார். 1910இல் ஓர் அமெரிக்கப் பத்திரிகை அவற்றை அச்சிட்டது. அதைப் பார்த்து, வீட்டிலேயே விமானம் செய்யும் ஆசை பலருக்கு வந்தது. விமானம் எல்லோருக்கும் எளிதாகக் கிடைக்க வேண்டும் என்பது அவர் கனவு.

அதே ஆண்டில் அவர் உடல்நலம் கெட்டது. பறப்பதை நிறுத்தினார். 1914இல் உலகப்போர் மூண்டது. விமானங்கள் குண்டு வீசின. டுமான்ட் துடித்துப்போனார். விமானத்தைப் போருக்குப் பயன்படுத்தாதீர்கள் என்று 1926இல் சர்வதேச சங்கத்திடம் முறையிட்டார். யாரும் கேட்கவில்லை. 1932இல் அவருடைய பிரேசிலிலேயே உள்நாட்டுச் சண்டை மூண்டது. அதிலும் விமானங்கள் பறந்தன. அந்தச் சண்டை நடந்துகொண்டிருந்தபோதே, ஜூலை 23ஆம் தேதி, 59 வயதில் அவர் இறந்துபோனார்.

ஒரு தெமுவாசெல் பாரிஸ் அருகே லெ பூர்ஷே விமான அருங்காட்சியகத்தில் இருக்கிறது. என்றாவது அங்கே போனால், அந்தக் குட்டி இருக்கையை மறக்காமல் பாருங்கள்.