மிதிவண்டி வீரர் மேஜர் டெய்லர்

விளையாட்டு வீரர்களின் வரலாற்றை வெற்றிப் பட்டியலாகவே காண்பது நம் வழக்கம். ஆயின் ஒரு சிலருடைய வாழ்வில், பந்தயத்தில் வென்றதைக் காட்டிலும் அதில் நுழைவதற்குப் பட்ட பாடே பெரிதாகும். அத்தகையவர் அமெரிக்கக் கறுப்பினத்து வீரரான மார்ஷல் வால்ட்டர் டெய்லர்.

அவர் 1878-ஆம் ஆண்டு நவம்பர் 26-ஆம் நாள் இண்டியானாபொலிஸ் நகரில் பிறந்தார். தந்தையார் செல்வர் ஒருவரின் இல்லத்தில் குதிரை வண்டி ஓட்டியவர். அவ்வில்லத்துச் சிறுவனின் விளையாட்டுத் தோழனாக இருந்த டெய்லருக்கு அங்கேயே ஒரு சைக்கிள் கிடைத்தது. பின்னர் ஒரு சைக்கிள் கடையில் வேலைக்கமர்ந்து, படைவீரர் உடையில் கடைவாயிலில் வித்தைகள் காட்டினார். அதனாலேயே மேஜர் என்னும் பெயர் அவருக்கு நிலைத்தது.

1894-இல் அந்நாட்டுச் சைக்கிள் வீரர் சங்கம் கறுப்பினத்தார் உறுப்பினராவதைத் தடை செய்தது. பிறந்த ஊரிலும் பந்தயத் திடல்கள் அடைபட்டன. அவருடைய திறமையை உணர்ந்த மங்கர் என்னும் முன்னாள் வீரர், 1895-இல் அவரை மாசசூசெட்ஸ் மாநிலத்து வூஸ்டர் நகருக்கு அழைத்துச் சென்றார். பிறந்த ஊர் மறுத்த இடத்தைப் புகுந்த ஊர் அளித்தது. ஊர் விட்டு வந்து வாழும் நமக்கு இதன் பொருள் விளக்காமலே விளங்கும்.

விரைவுப் பந்தயத்தில் முன்செல்பவர் காற்றைத் தாங்க, பின்வருபவர் வலிமையைச் சேமித்து இறுதியில் பாய்வது வழக்கம். எதிராளிகள் பலர் கூடி, டெய்லரை நடுவில் அடைத்து வழிமறித்தனர். 1897-இல் டாண்டன் நகரில் ஒருவன் பந்தயம் முடிந்ததும் அவர் கழுத்தை நெரித்து நினைவிழக்கச் செய்தான். தென் மாநிலத் திடல்கள் அவரை அனுமதியாமையால் தேசியப் பட்டமும் அவ்வாண்டு கைநழுவியது. எனினும் அவர் சோர்ந்தாரில்லை. 1899-இல் கனடா நாட்டு மாண்ட்ரியலில் ஒரு மைல் பந்தயத்தில் உலகப் பட்டம் பெற்றார். அடுத்த ஆண்டில் அமெரிக்கப் பட்டமும் அவருக்கே உரியதாயிற்று.

தாய்க்கு அளித்த வாக்கின்படி ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் பந்தயமிட மறுத்தார். ஐரோப்பாவிலோ ஞாயிறே பெரும் பந்தய நாள். 1901-இல் பாரிஸ் நகரத்தார் அவருக்காக நாளையே மாற்றினர். அங்கே பிரெஞ்சு வீரர் ஜாக்குலினிடம் முதற்போட்டியில் தோற்று, பதினொரு நாட்களுக்குப் பின் இரண்டாவதில் வென்றார். ஆஸ்திரேலியாவிலும் புகழ் பெற்ற அவர், 1904-இல் அங்குப் பிறந்த தம் மகளுக்கு சிட்னி என்னும் பெயரையும் சேர்த்துச் சூட்டினார்.

1910-இல் பந்தயங்களினின்று விலகினார். தொழில் முயற்சிகளில் ஈட்டிய பொருள் கரைந்தது. தாமே அச்சிட்ட சுயசரிதையை வீடு வீடாகச் சென்று விற்றார். 1932 ஜூன் 21-ஆம் நாள், சிகாகோ மருத்துவமனையின் தர்மப் பிரிவில், 53-ஆம் வயதில் காலமானார். அடையாளமற்ற குழியில் அடக்கம் செய்யப்பட்டார்.

1948-இல் பழைய சைக்கிள் வீரர்கள் சிலர் கூடி அவருடலைச் சிறந்ததோர் இடத்திற்கு மாற்றிக் கல்வெட்டும் நாட்டினர். 1982-இல் இண்டியானாபொலிஸ் நகரமே தன் புதிய பந்தயத் திடலுக்கு அவர் பெயரை இட்டது. அன்று வாயிலை அடைத்த ஊரே பின்னர் அவர் பெயரைத் தன் திடலுக்குச் சூட்டியது. அதனைக் காண அவர்தாம் இல்லை. திறமையுடையாரை வாழும்போதே மதிப்பது சமுதாயத்தின் கடமையென்பதை நம் இளைஞர்கள் இவ்வரலாற்றால் உணர்வார்களாக.