பதில் சொல்ல எழுந்த பிரதமர்

பாராளுமன்ற அமர்வுகளை நேரலையில் பார்ப்பது என் நெடுநாள் பழக்கம். வாய்மூல வினாக்கள் நேரத்தில் கேள்வி கேட்டவர் சபையில் இருப்பார். பதில் சொல்ல வேண்டியவரைக் காணக் கிடைக்காது. அவர் சார்பில் இன்னொருவர் எழுந்து கால அவகாசம் கேட்பார். ஆட்சிகள் மாறினாலும் இந்தக் காட்சி மாறுவதாயில்லை. அப்போதெல்லாம் எனக்கு ஜவஹர்லால் நேருதான் நினைவுக்கு வருவார்.

1889இல் அலகாபாத்தில் வசதியான வழக்கறிஞர் வீட்டில் பிறந்து, இங்கிலாந்தில் படித்து, வெள்ளையரின் சிறைகளில் ஏறத்தாழ ஒன்பது வருடங்களைக் கழித்தவர். அதெல்லாம் பலரும் அறிந்த கதை. என்னைக் கவர்ந்தது 1952இற்குப் பிந்திய நேரு.

அந்த வருடம் கூடிய முதலாவது மக்களவையின் 489 ஆசனங்களில் 364 காங்கிரசிடம் இருந்தன. எதிரணியில் முன்னின்ற கம்யூனிஸ்டுகளுக்கு வெறும் 16. நினைத்திருந்தால் எவருடைய கேள்வியையும் பொருட்படுத்தாமல் காலத்தை ஓட்டியிருக்கலாம். ஆனால் அவர் எழுந்து பதில் சொன்னார். வெளிவிவகாரமும் அணுசக்தியும் அவர் பொறுப்பிலேயே இருந்ததால் காஷ்மீர், கோவா, நம் நாட்டு இந்திய வம்சாவளியினரின் பிரஜாவுரிமை என்று எல்லாமே அவரிடம் வந்தன.

1957இன் இறுதியில் வந்த சோதனை வீட்டுக்குள்ளிருந்தே வந்தது. அரச ஆயுள் காப்புறுதிக் கூட்டுத்தாபனம் முந்த்ரா என்ற வர்த்தகரின் கம்பனிப் பங்குகளில் ஒரு கோடி ரூபாவுக்கு மேல் கொட்டிய விவகாரத்தைச் சபையில் கிளப்பியவர் பெரோஸ் காந்தி. காங்கிரஸ் உறுப்பினர், நேருவின் சொந்த மருமகன். நீதியரசர் சாக்ளாவின் விசாரணை பொதுமக்கள் முன்னிலையில் நடந்தது. நேரு பெரிதும் மதித்த நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி 1958 பெப்ரவரியில் பதவி விலகினார். மருமகனின் வாயை அடைக்க மாமனாருக்கு வழியா இல்லை?

அதற்காக அவரை மாசற்றவராக்க நான் தயாரில்லை. அக்சாய் சின் ஊடாகச் சீனா பாதை போட்டது 1958இலேயே அவருடைய அரசுக்குத் தெரியும். கடிதங்கள் மூலம் சத்தமில்லாமல் தீர்த்துவிடலாம் என நம்பி, சபைக்குச் சொல்லாமல் வைத்திருந்தார். 1959 ஆகஸ்டில்தான் அது சபையில் வெளிவந்தது. பிறகு சீனாவுடனான கடிதங்களை வெள்ளை அறிக்கையாக வெளியிட்டார்தான். ஆனாலும் உறுப்பினர்களின் நம்பிக்கையில் விழுந்த கீறல் ஆறவில்லை. கேள்விகளுக்கு அஞ்சாத மனிதர், மிக முக்கியமான ஒரு விடயத்தில் கேள்வி எழவே இடம் கொடுக்கவில்லை என்பது என் மனக்குறை.

1962 ஒக்டோபரில் யுத்தம் வெடித்தது. படைகள் பின்வாங்கிக் கொண்டிருந்த நேரத்தில், எதிரணி கேட்டதற்கிணங்க நவம்பர் 8இல் சபையைக் கூட்டினார். பாதுகாப்பு அமைச்சர் கிருஷ்ண மேனனைக் காப்பாற்ற முயன்றும் முடியவில்லை.

1963 ஆகஸ்டில் கிருபளானி அவருடைய அரசுக்கு எதிராக நம்பிக்கையில்லாப் பிரேரணை கொண்டுவந்தார். சுதந்திர இந்தியாவில் அதுவே முதலாவது. சாதாரண ஏழை நாளொன்றுக்கு மூன்று அணாவில் வாழ்கிறான், பிரதமருக்கோ தினமும் 25,000 ரூபா செலவாகிறது என்று லோகியா முகத்துக்கு நேரே குற்றஞ்சாட்டினார். மூன்றல்ல, பதினைந்து அணா என்று நேரு கணக்குச் சொல்ல, அந்த வாதம் நாடெங்கும் பரவியது. நாலு நாள் விவாதத்தின் பின் பிரேரணைக்கு ஆதரவாக 62, எதிராக 347 வாக்குகள்.

அடுத்த வருடம் மே 27இல் அவர் காலமானார். அப்போதும் அவரே பிரதமர்.