தஞ்சை வேதநாயக சாஸ்திரியார்

தஞ்சைச் சீர்திருத்தத் திருச்சபையின் பெருங்கவிஞராகத் திகழ்ந்த வேதநாயக சாஸ்திரியார் 1774-இல் திருநெல்வேலியில் பிறந்தார். சிறுவராயிருந்த அவரைச் சுவார்ட்சு ஐயர் தஞ்சைக்கு அழைத்துவந்து வளர்த்தார். அங்கே இளவரசர் சரபோசி அவர்தம் தோழரானார்.

உழைப்பிலும் ஆடலிலும் மணவிழாவிலும் இழவிலும் வழிபாடு உடன்வருதல் வேண்டும் என்பதே சாஸ்திரியார் வாழ்ந்து காட்டிய நெறி. ஆதலின், மக்கள் நாவில் பழகிய இசைநாடக வடிவங்களிலேயே இறைப்புகழைப் பாடினார். 1800-இல் எழுந்த பெத்லகேம் குறவஞ்சியில் ஞானம் சிங்கனாகவும் விசுவாசம் சிங்கியாகவும் வருகின்றன. நோவா பேழை கட்டிய வரலாறு, அவர் கையில் ஞானத்தச்ச நாடகமாயிற்று.

பின்வந்த மேலைநாட்டு இளங்குருமார் ஆலயத்தில் தமிழிசையையும் மணவினையில் மலர்மாலைகளையும் விலக்க முற்பட்டனர். சாஸ்திரியார் அதனை எதிர்த்து எழுதினார். சாதி வேற்றுமையையும் மரபெனக் கருதி அவர் காத்து நின்றமை மறைக்கலாகாத குறையாகும். 1829-இல் திருச்சபைப் பணியை இழந்தார். மன்னராகிவிட்ட பழைய தோழர் சரபோசி ஆதரவளித்தார். அவ்வாதரவில் வாழ்ந்தபோதும் பிற தெய்வத்தைப் பாட அவர் இசைந்திலர் என்பது மரபுவழிச் செய்தி.

1864-இல் அவர் மறைந்தார். அன்று விலக்கப்பட்ட கீர்த்தனைகள் இன்று ஆலயங்களிலும், இல்லங்களின் காலை மாலை மன்றாட்டுகளிலும் ஒலிக்கின்றன. இசை பற்றிய அவ்வழக்கில் வென்றவர் எவர் என்பதற்கு வேறு சான்று வேண்டா.