கே. எஸ். கிருஷ்ணன்: இராமன் விளைவுக்கு அப்பால் ஓர் ஆய்வு வாழ்வு

ஆய்வுச் சுருக்கம்

இருபதாம் நூற்றாண்டு இந்திய இயற்பியலாளருள் முன்வரிசையில் வைத்து எண்ணத்தக்கவர் கரியமாணிக்கம் சீனிவாச கிருஷ்ணன் (1898–1961). தமிழில் வெளிவந்துள்ள அறிவியலாளர் வரலாறுகளில் அவர் பெரும்பாலும் சர் சி. வி. இராமனின் உதவியாளராகவே இடம்பெறுகிறார். அண்மைக் காலத்தில் நோபல் பரிசில் பங்கு மறுக்கப்பட்டவர் என்ற மற்றொரு சித்திரமும் பரவி வருகிறது. இவ்விரு சித்திரங்களும் 1928ஆம் ஆண்டோடு அவரது வாழ்வை முடித்துவிடுகின்றன. அவ்வாண்டின் நிகழ்வுகளில் கிருஷ்ணனின் பங்கை வரையறுத்து, அதற்குப் பிந்தைய முப்பத்து மூன்று ஆண்டுகளில் அவர் ஆற்றிய பணிகளின் தகுதியை மதிப்பிடுவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

திறவுச்சொற்கள்: கே. எஸ். கிருஷ்ணன், ஒளிச்சிதறல், இராமன் விளைவு, படிகக் காந்தவியல், தேசிய இயற்பியல் ஆய்வகம்.

பிறப்பும் கல்வியும்

இன்றைய விருதுநகர் மாவட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் அமைந்த வத்திராயிருப்பில் 1898 டிசம்பர் 4ஆம் நாள் கிருஷ்ணன் பிறந்தார். தந்தையார் வேளாண்மையோடு தமிழ், வடமொழி நூற்புலமையும் உடையவர். அவ்விரு மொழி இலக்கியங்களிலும் கிருஷ்ணனுக்கு இளமையில் வாய்த்த பயிற்சி, பின்னாளில் ஆய்வுக்கூடப் பணிகளுக்கு இடையிலும் அவரை விட்டு நீங்கவில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூரில் பள்ளிக் கல்வி பெற்ற அவர், மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும் சென்னைக் கிறித்தவக் கல்லூரியிலும் பயின்றார். பட்டம் பெற்றபின் கிறித்தவக் கல்லூரியிலேயே வேதியியல் செய்முறைப் பயிற்றுநராகப் பணியேற்றார். அங்கு நண்பகல் இடைவேளையில் மாணவர்களோடு இயற்பியல், வேதியியல் வினாக்களை வரையறையின்றிக் கலந்துரையாடுவதை அவர் வழக்கமாக்கினார். பிற கல்லூரி மாணவர்களும் அவ்வுரையாடல்களை நாடி வந்தனர். வேதியியலில் தொடங்கிய இப்பயிற்சி பின்னாளைய அவரது ஆய்வுப் போக்கை விளங்கிக்கொள்ளத் துணைசெய்கிறது. பொருளின் இயற்பியல் பண்பிலிருந்து அதன் மூலக்கூற்று அமைப்பை அறிய முயல்வதே அவரது முதன்மை ஆய்வுகள் பலவற்றின் பொது நெறியாகும்.

கல்கத்தாவும் ஒளிச்சிதறல் ஆய்வும்

ஆய்வு நாட்டம் கிருஷ்ணனைக் கல்கத்தாவுக்கு ஈர்த்தது. 1923இல் இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தில் இராமனின் ஆய்வுக் குழுவில் அவர் இணைந்தார். நீர்மங்களில் ஒளி சிதறுவதைப் பற்றிய விரிவான ஆய்வுத் திட்டம் ஒன்றை இராமன் 1921 முதலே நடத்தி வந்தார். அத்திட்டத்தின் கீழ்க் கிருஷ்ணன் அறுபதுக்கும் மேற்பட்ட நீர்மங்களைத் தூய்மைப்படுத்தி, அவற்றின் ஒளிச்சிதறலை அளந்தார்.

இவ்வாய்வுகளினூடே விளங்காத நிகழ்வு ஒன்று மீண்டும் மீண்டும் தலைகாட்டியது. சிதறிய ஒளியில் படுகதிரின் நிறத்தினின்று வேறுபட்ட மங்கலான ஒளி ஒன்றும் கலந்திருந்தது. 1923இல் கே. ஆர். இராமநாதன் அதனை நீரில் கண்டார். பின்னர்க் கிருஷ்ணன் வேறு நீர்மங்களிலும் கண்டார். கலந்துள்ள மாசுகளால் விளையும் வலுவற்ற உடனொளிர்வாக அது முதலில் கருதப்பட்டது. ஆயினும் எத்துணைத் தூய்மைப்படுத்தினும் அவ்வொளி மறையவில்லை. 1928இன் தொடக்கத்தில் எஸ். வெங்கடேசுவரன், தூய கிளிசரினில் சிதறும் பசுமை நிற ஒளி வலுவாக முனைவாக்கம் பெற்றிருப்பதைக் கண்டறிந்தார். வழக்கமான உடனொளிர்வு அவ்வாறு முனைவாக்கம் பெறுவதில்லை. எனவே மாசு என்ற விளக்கம் ஐயத்திற்குரியதாயிற்று.

அப்போது கோட்பாட்டு ஆய்வில் ஈடுபட்டிருந்த கிருஷ்ணனை இராமன் மீண்டும் செய்முறை ஆய்வுக்குத் திருப்பினார். பிப்ரவரி முதல் வாரத்தில் பணி தொடங்கியது. கிருஷ்ணன் நீர்மங்களை ஒன்றன்பின் ஒன்றாகச் சோதித்து, புதிய ஒளி அனைத்திலும் தோன்றுவதையும் முனைவாக்கம் பெற்றிருப்பதையும் நிறுவினார். ஆவிநிலையிலும் அவ்விளைவு தேடப்பட்டது. அந்நாட்களின் நிகழ்வுகளை அவர் நாட்குறிப்பில் பதிந்து வைத்தமையால், கண்டுபிடிப்பு உருவான படிநிலைகளை நாள்வாரியாக அறிய இயல்கிறது.

1928 பிப்ரவரி 16ஆம் நாளிட்டு நேச்சர் இதழுக்கு அனுப்பப்பட்ட முதல் குறிப்பு, இராமன், கிருஷ்ணன் ஆகிய இருவர் பெயரையும் தாங்கி மார்ச் 31இல் வெளியாயிற்று. பிப்ரவரி 28ஆம் நாள் நிறமாலை நோக்கியின் வழியே புதிய ஒளி, படுகதிரினின்று தெளிவாகப் பிரிந்து காணப்பட்டது. தேசிய அறிவியல் நாளாக இன்று கொண்டாடப்படுவது அந்நாளே. அலைநீள மாற்றத்தை அறிவித்த அடுத்த குறிப்பு இராமன் பெயரில் மட்டும் ஏப்ரலில் வந்தது. மே மாதத்தில் வெளியான மூன்றாம் குறிப்பில் மீண்டும் இருவர் பெயரும் இடம்பெற்றன.

பங்கும் பெயரும்

இவ்விளைவுக்கு இராமன் பெயரை இட்டவர் இராமன் அல்லர். செருமானிய இயற்பியலாளர் பிரிங்சைம் 1928இலேயே அப்பெயரை ஆண்டார். அதே ஆண்டில் மாசுகோவில் லாண்ட்சுபெர்க், மண்டெல்சுடாம் ஆகியோர் படிகங்களில் இவ்விளைவைத் தனித்துக் கண்டறிந்தனர். 1930ஆம் ஆண்டின் நோபல் பரிசு இராமனுக்கு மட்டும் வழங்கப்பட்டது. நோபல் பேருரையில் இராமன், இராமநாதன், கிருஷ்ணன், வெங்கடேசுவரன் ஆகியோரின் பங்கைப் பெயர் சுட்டியே குறித்தார்.

இச்சான்றுகளைத் தொகுத்து நோக்கின் மூன்று கருத்துகள் தெளிவாகின்றன. முதலாவது, வினாவை எழுப்பி, ஏழாண்டுகள் கைவிடாது தொடர்ந்து, காம்ப்டன் விளைவுக்கு நிகரான ஒன்று ஒளியிலும் உண்டு என உணர்ந்து, ஆய்வை நெறிப்படுத்தியவர் இராமன். நோபல் பரிசும் தனியொரு கண்டுபிடிப்பை மட்டுமின்றி ஒளிச்சிதறல் பற்றிய அவரது பணி முழுவதையும் சுட்டியே வழங்கப்பட்டது. இரண்டாவது, முடிவான வாரங்களின் செய்முறைப் பணியில் கிருஷ்ணனின் பங்கு முதன்மையானது. அதனை முதல் குறிப்பின் கூட்டாசிரியர் பெயரே மெய்ப்பிக்கிறது. எனவே உதவியாளர் என்ற சொல் அவருக்குப் பொருந்தாது. மூன்றாவது, இராமநாதன், வெங்கடேசுவரன் ஆகியோரின் முன்னோடிக் காண்புகள் இன்றி அவ்வாரங்களின் பணிக்குத் தொடக்கம் அமைந்திராது. கிருஷ்ணனுக்கு நீதி கோரும் எழுத்துகள் பலவும் அவ்விருவரையும் மறந்துவிடுவது முரண்பாடாகும்.

கிருஷ்ணன் இப்பொருள் குறித்துப் பொதுவெளியில் வழக்காடவில்லை. 1928 டிசம்பரில் அவர் டாக்கா பல்கலைக்கழகத்தில் இணைப்பேராசிரியர் நிலையிலான பணியை ஏற்றுக் கல்கத்தாவை விட்டு நீங்கினார். அங்கு அவர் தேர்ந்த ஆய்வுக்களம் ஒளிச்சிதறலிலிருந்து வேறுபட்ட ஒன்றாகும்.

படிகக் காந்தவியல்

சத்தியேந்திரநாத் போசு இயற்பியல் துறைக்குத் தலைமை தாங்கிய டாக்காவில், படிகங்களின் காந்தப் பண்புகளைக் கிருஷ்ணன் ஆராயத் தொடங்கினார். படிகத்தின் காந்த ஏற்புத்திறன் எல்லாத் திசைகளிலும் ஒன்றாக இருப்பதில்லை. இத்திசை வேறுபாட்டை நுட்பமாக அளப்பின், படிகத்தினுள் மூலக்கூறுகள் எவ்வாறு சாய்ந்து அடுக்கப்பட்டுள்ளன என்பதை உய்த்தறியலாம் என அவர் கண்டார்.

இதற்கெனக் கிருஷ்ணனும் சாந்திலால் பானர்ஜியும் வகுத்த அளவை முறை எளிமையும் துல்லியமும் ஒருங்கே வாய்ந்தது. மெல்லிய குவார்ட்சு இழையில் சிறு படிகம் ஒன்று சீரான காந்தப் புலத்தில் தொங்கவிடப்படுகிறது. இழையின் மேல்முனையை மெல்லத் திருகிக்கொண்டே சென்றால், படிகம் காந்தப் புலத்தின் பிடியில் நின்று முறுக்கத்தை எதிர்க்கிறது. குறிப்பிட்ட கோணத்தை எட்டியதும் அது நிலைதடுமாறிச் சட்டெனச் சுழன்றுவிடுகிறது. அக்கோணத்திலிருந்து காந்த ஏற்புத்திறனின் திசை வேறுபாடு கணக்கிடப்படுகிறது. பெருஞ்செலவுக் கருவிகள் இல்லாத சூழலில் உருவான இம்முறை, பிற நாட்டு ஆய்வாளராலும் மேற்கொள்ளப்பட்டது.

பென்சீன் வளையங்களைக் கொண்ட நாஃப்தலீன், ஆந்த்ரசீன் முதலிய சேர்மங்களில், வளையத் தளத்திற்குச் செங்குத்தான திசையில் எதிர்க்காந்தப் பண்பு மிகுந்திருக்கும். ஆதலால் படிகத்தின் காந்த அளவீடு வளையங்களின் சாய்வைக் காட்டிவிடுகிறது. ஊடுகதிர் வழியே படிக அமைப்பைக் காண நெடிய கைக்கணக்குகள் தேவைப்பட்ட அக்காலத்தில் இது பெருந்துணையாயிற்று. படிகவியலறிஞர் கேத்லீன் லான்சுடேலும் கிருஷ்ணனும் இணைந்து 1936இல் வெளியிட்ட கட்டுரை இவ்வுறவைக் கணித வடிவில் நிலைநாட்டியது.

1933இல் கல்கத்தாக் கழகத்தில் மகேந்திரலால் சர்க்கார் பேராசிரியராகக் கிருஷ்ணன் மீண்டும் பொறுப்பேற்றார். இராமன் பெங்களூருக்குப் பெயர்ந்த காலம் அது. காந்தவியல் ஆய்வு அங்குத் தொடர்ந்தது. 1937இல் ஐரோப்பா சென்று கேம்பிரிட்சு, இலண்டன் முதலிய இடங்களில் உரையாற்றினார். 1940இல் இலண்டன் அரச கழகத்தின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். கிராஃபைட்டின் மிகுதியான எதிர்க்காந்தப் பண்பை அதன் படலங்களில் இயங்கும் கட்டற்ற எலக்ட்ரான்களின் இயல்பாக விளக்கிய ஆய்வும் இக்காலத்ததே.

அலகாபாத்தும் தில்லியும்

1942இல் அலகாபாத் பல்கலைக்கழக இயற்பியல் பேராசிரியரானார். அங்கு ஏ. பி. பாட்டியாவுடன் உலோகங்களின் மின்தடையை ஆராய்ந்தார். உலோகத்தினுள் செல்லும் எலக்ட்ரான் அலைகள், அணுக்களின் வெப்ப ஒழுங்கின்மையால் சிதறுவதே தடைக்குக் காரணம் எனக் கொண்டு, நீர்ம உலோகங்களின் மின்தடையையும் விளக்க முயன்றார். நீர்மத்தில் ஒளி சிதறுவதைக் கண்ட இளமைக்கால நோக்கே இங்கு எலக்ட்ரானுக்குப் பொருத்தப்பட்டது. களங்கள் மாறினும் அவரது சிந்தனைக்கு உள்ளிழை ஒன்று இருந்தமையை இது காட்டுகிறது.

1946இல் சர் பட்டம் பெற்ற அவர், 1947இல் புதுதில்லித் தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநரானார். சவகர்லால் நேரு 1947 ஜனவரி 4ஆம் நாள் அடிக்கல் நாட்டிய அவ்வாய்வகம் 1950 ஜனவரி 21இல் சர்தார் பட்டேலால் திறந்துவைக்கப்பட்டது. நாட்டின் அளவைத் தரங்களைப் பேணும் கடமை அதற்குரியது. 1956ஆம் ஆண்டின் எடை, அளவைத் தரச் சட்டத்தின்வழி மெட்ரிக் முறை நடைமுறைக்கு வந்தபோது, அக்கடமையின் முதன்மை வெளிப்பட்டது. 1948இல் அமைந்த அணுசக்தி ஆணையத்தில் பாபா, பட்நாகர் ஆகியோருடன் கிருஷ்ணனும் உறுப்பினராயிருந்தார். 1949இல் இந்திய அறிவியல் மாநாட்டின் பொதுத் தலைவராக விளங்கினார்.

நிருவாகப் பொறுப்பு அவரது ஆய்வை நிறுத்திவிடவில்லை. சூடேறிய பொருளிலிருந்து எலக்ட்ரான்கள் வெளிப்படுவதை எஸ். சி. ஜெயினுடன் ஆராய்ந்தார். சூடேற்றிய குழிவறையினுள் எலக்ட்ரான்களை நிறைவுற்ற ஆவியாகக் கருதி, சிறு துளையின் வழியே அவை கசிந்து வெளியேறுவதை அளக்கும் முறையை அவர் கையாண்டார். 1954இல் பத்ம பூசண் விருதும், 1958இல் பட்நாகர் பரிசும் அவருக்கு வழங்கப்பட்டன; அப்பரிசைப் பெற்ற முதல்வர் அவரே. 1961 ஜூன் 14ஆம் நாள் இயக்குநர் பொறுப்பில் இருக்கும்போதே புதுதில்லியில் மறைந்தார்.

முடிவுரை

கிருஷ்ணனை இராமனின் நிழலாகக் காண்பதும், பறிக்கப்பட்ட பரிசின் உரிமையாளராகக் காண்பதும் ஒரே பிழையின் இரு வடிவங்களாகும். இரண்டிலும் இராமனின் பரிசே அளவுகோலாகிறது. அவ்வளவுகோலை நீக்கிப் பார்க்குமிடத்து, படிகக் காந்தவியலில் ஒரு புதிய அளவை முறையை வகுத்தவராகவும், ஒளி, காந்தம், மின்கடத்தல், எலக்ட்ரான் உமிழ்வு என நான்கு களங்களில் பொருளின் உள்ளமைப்பைத் தேடியவராகவும், விடுதலை பெற்ற நாட்டின் அளவைத் தரங்களுக்கு நிறுவன அடித்தளம் அமைத்தவராகவும் கிருஷ்ணன் வெளிப்படுகிறார். தமிழில் எழுதப்படும் அறிவியலாளர் வரலாறுகள், பரிசுகளின் பட்டியலைக் கடந்து ஆய்வின் உள்ளீட்டை எடுத்துரைக்கும்போதே இத்தகையோரின் தகுதி தமிழ்க் கல்வியுலகுக்கு முழுமையாகப் புலப்படும்.